எந்திரம் புதிது, ஓதல் பழையது!

"எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு ஒளித்திரை வந்துவிட்டது!"

வந்தது, மகிழ்கிறோம். ஆனால் வந்த திரையை எப்படி வரவேற்கிறார்கள், பார்த்தீர்களா? சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை! மின்சாரத்தால் இயங்கும் கருவிக்கு எலுமிச்சம்பழம் காவல்! கண்விழித்து ஆராய்ந்து அக்கருவியைச் செய்தவனுக்கு ஒரு நன்றிச் சொல் இல்லை. கருவிக்குக் கற்பூரம் உண்டு. போகட்டும். கற்பூரம் அணைந்த பிறகாவது அறிவுக்கு அங்கே வேலை இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். திரை பாடுகிறது, பிள்ளைகள் கூடவே பாடுகிறார்கள். திரை சொல்கிறது, பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள். பிறகு திரையில் தோன்றும் ஐந்து வரிகளைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். மணி அடிக்கிறது. வகுப்பு முடிகிறது.

அன்று ஆசான் ஓதினான், மாணாக்கன் ஒப்பித்தான். இன்று திரை ஓதுகிறது, மாணவன் ஒப்பிக்கிறான். எந்திரம் புதிது, ஓதல் பழையது!

இந்த ஒன்றைத்தான் தோழர்களின் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறோம்.

நாம் எந்திரத்துக்கு எதிரிகள் அல்லர்

முதலில் ஐயத்தைப் போக்கிவிடுகிறோம். இராட்டை போதும், கட்டை வண்டி போதும் என்று உபதேசித்தவர்களோடு நமக்கு என்றும் உடன்பாடு இருந்ததில்லை. கம்பியில்லாக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும், ஓரிடத்தில் இருந்துகொண்டே பல இடத்து மக்களுக்குக் கல்வி புகட்ட முடியும் என்று 1940-களில் நூலாக வெளிவந்த 'இனிவரும் உலகம்' கூறியது. பெரியாரின் அந்தக் கணிப்பைக் கேலி பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தக் கருவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்குகிறார்கள்.

எனவே, அரசுத் தொடக்கப்பள்ளிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் வேலையும், ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கும் வேலையும் 2024-இல் நடந்தபோது நாம் முகம் சுளிக்கவில்லை. முகம் சுளித்தவர்கள் வேறு சிலர். "கூலிக்காரன் பிள்ளைக்குக் கணினி எதற்கு?" என்றார்கள். இந்தக் குரல் நமக்குப் புதிதன்று. 1953-இல் ஆச்சாரியார் ஆட்சி, பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் தீட்டியபோது கேட்ட அதே குரல். வண்ணான் மகனுக்கு வெளுப்பு, குயவன் மகனுக்குச் சக்கரம்! தமிழகம் கொதித்தது, 1954-இல் காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. அன்று பிள்ளைக்குப் பள்ளி நேரம் வேண்டுமென்று போராடியவர்கள், இன்று பிள்ளைக்குப் புதுக்கருவி வேண்டாம் என்று சொல்வோமா?

மாட்டோம். நம் கேள்வி வேறு. கருவி இருக்கிறது, சரி. அதன் வழியே ஒலிப்பது யாருடைய சொல்?

வைக்கோல் கன்று

நான்காம் வகுப்பில் 'பசு' பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். "பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு. இரண்டு கொம்புகள் உண்டு. ஒரு வால் உண்டு." நாற்பது பிள்ளைகளின் ஏட்டிலும் இதே பசு, இதே கால்கள், இதே வால்!

அந்த வகுப்பிலே ஒரு சிறுமி இருக்கிறாள். விடியுமுன் எழுந்து சாணம் அள்ளிவிட்டு வந்தவள். எந்த மாடு எந்தக் காலால் உதைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஈன்ற கன்று செத்தபின், அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாய்ப்பசுவின் முன் நிறுத்திப் பால் கறந்ததைக் கண்டவள். அந்தப் பொய்க்கன்றைப் பசு நக்கியபோது தான் அழுததையும் அவள் மறக்கவில்லை. ஆனால் இவற்றில் ஒன்றையும் அவள் எழுதவில்லை. எழுதினால் மதிப்பெண் இல்லை. நான்கு கால், இரண்டு கொம்பு, ஒரு வால் என்று எழுதினாள், பத்துக்குப் பத்து!

பள்ளி அவளிடம் கேட்டதும் ஒரு வைக்கோல் கன்றைத்தான். உயிருள்ள அனுபவம் வீட்டிலே நின்றது. அதன் தோலைப்போல் ஒன்று ஏட்டிலே ஏறியது.

இதைவிட வேடிக்கை 'செயல்திட்டம்' என்ற பெயரில் நடக்கிறது. 'ப்ராஜெக்ட்' என்றால்தான் பெற்றோர்க்குப் புரியும்! மூன்றாம் வகுப்புக் குழந்தை சூரியக் குடும்பத்தைச் செய்து வர வேண்டுமாம். அப்பா கடைக்கு ஓடித் தெர்மாக்கோல் வாங்குகிறார். அம்மா நள்ளிரவு வரை வண்ணம் தீட்டுகிறார். நகல் எடுக்கும் கடைக்காரர் வியாழனைப் பற்றியும் சனியைப் பற்றியும் அச்சிட்ட தாள்களைக் கொடுக்கிறார். குழந்தை? உறங்குகிறது! காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போய் நிழற்படத்துக்கு நிற்கிறது. வேலைக்குப் போன தாய்க்கும், கையில் காசில்லாத தந்தைக்கும் பிறந்த பிள்ளை வெறுங்கையோடு சென்று தலைகுனிந்து நிற்கிறது. அறிவுக்கு வைத்த தேர்வா இது? அப்பனின் சட்டைப்பைக்கு வைத்த தேர்வு!

இப்போது இந்த நாடகத்துக்கும் முடிவு வந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட் ஜிபிடி மக்கள் கைக்கு வந்தது. அதன் பின்னே அதுபோன்றவை பல வந்தன. கேட்டால் போதும், தமிழிலேயே கட்டுரை எழுதித் தருகின்றன. பசுவா? இதோ, நான்கு கால்! மழைநீர் சேமிப்பா? இதோ, முன்னுரை, பொருளுரை, முடிவுரை!

பழைமை விரும்பிகள் பதறுகிறார்கள்: "ஐயோ, பிள்ளைகள் இனி எழுதவே மாட்டார்களே!" நாம் கேட்கிறோம்: இதற்கு முன் எழுதினார்களா? உரைநூலில் இருந்ததை மனப்பாடம் செய்து இறக்கி வைத்ததை எழுத்து என்றா சொல்கிறீர்கள்? எந்திரம் ஒரு நொடியில் செய்துவிடும் வேலையைச் செய்வதற்குப் பிள்ளையைப் பத்தாண்டு பழக்கினீர்கள். எந்திரம் வந்து உங்கள் கல்வியின் வறுமையை வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது. குற்றம் விளக்கினுடையதா, வெறும் பானையினுடையதா?

மணலிலிருந்து ஈய எழுத்துக்கு

கருவி மாறினால் கல்வி மாறிவிடும் என்று நம்புவோருக்கு நம் சென்னையிலேயே ஒரு பாடம் உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். இந்நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். தாளும் வேண்டாம், மையும் வேண்டாம். எவ்வளவு மலிவான கருவி! அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்தார். 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவியது.

பெருமைதான். ஆனால் அந்த மணலில் பிள்ளை எழுதியது என்ன? மேலே நின்றவன் சொன்ன எழுத்து. மேலே நின்றவன் சொன்ன சொல். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே நேரத்தில் மலிவாக ஓத வைக்கும் ஆலையாக அது ஆயிற்று. நம் திண்ணைப் பள்ளியிலோ ஓதுவதற்கு நிகண்டு இருந்தது, ஒப்பிக்காதவனுக்குப் பிரம்பு இருந்தது, திண்ணையில் ஏறவே உரிமையற்ற மக்கள் தெருவுக்கு அப்பால் இருந்தார்கள். மணல், ஓலை, பலகை, திரை என்று கருவி மாறிக்கொண்டே வந்தது. மேலே நின்று சொல்பவன் மட்டும் இறங்கவில்லை.

அவனை இறக்கிக் காட்டிய ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரின் வரலாற்றைத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பெயர் செலஸ்தான் பிரெனே. பிரெஞ்சு நாட்டின் தென்கிழக்கு மலைச் சிற்றூரில் 1896-இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டுக்காயம் பட்டுத் திரும்பினார். 1920-இல் பார் சூர் லூ என்ற சிற்றூரின் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். காயம்பட்ட நுரையீரலோடு நாள் முழுதும் உரக்கப் பேச அவரால் இயலவில்லை. ஓதும் ஆசிரியராக இருக்க முடியாது என்ற நிலை!

என்ன செய்தார்? பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். வயலைப் பார்த்தார்கள், நெசவாளியைப் பார்த்தார்கள், தச்சனைப் பார்த்தார்கள். திரும்பி வந்து, பார்த்ததைப் பேசினார்கள், பேசியதை எழுதினார்கள். பிறகு பாடநூலைத் திறந்தால், அதில் இருந்தது வேறு உலகம்! பிள்ளையின் சொல்லையே பாடநூல் ஆக்கினால் என்ன? 1924-இல் ஒரு சிறு கை அச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்.

அக்கால வகுப்பறைக்கு அதுதான் புதுக்கருவி. அதை எப்படிப் பயன்படுத்தினார் என்பதில் இருக்கிறது பொருள். பிள்ளைகள் தாம் விரும்பியதை எழுதினார்கள். எழுதியதை வகுப்பில் படித்தார்கள். எதை அச்சிடலாம் என்று வாக்களித்துத் தேர்ந்தார்கள். தேர்ந்ததை எல்லாரும் கூடித் திருத்தினார்கள். பின்பு ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பிள்ளைகளே அச்சுக் கோத்தார்கள், மை தடவினார்கள், இழுத்தார்கள். நத்தைகளை ஓடவிட்டுப் பந்தயம் நடத்திய கதைகூட அங்கே பாடமாயிற்று. ஓர் எழுத்து தலைகீழாக நின்றால் முகம் சிவந்து தாமே மாற்றினார்கள். சிவப்பு மைக்கு அஞ்சியா? இல்லை. தம் பெயரில் வெளிவருவது பிழையின்றி வரவேண்டும் என்ற தன்மானத்தால்!

அச்சிட்ட தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரித்தனிக் கடற்கரையில் இருந்த ஒரு பள்ளிக்குப் போயின. 1926 முதல் அந்தக் கடற்கரைப் பிள்ளைகளின் தாள்கள் இந்த மலைப்பிள்ளைகளுக்கு வந்தன. கடலைக் காணாதவன் மீனவன் மகனிடமே கடலைப் பற்றிப் படித்தான். படிப்பதற்கு ஆள் இருந்ததால் எழுதுவதற்குப் பொருள் இருந்தது. மதிப்பெண்ணுக்கு எழுதியவன் மனிதனுக்கு எழுதலானான்.

கனவைக் கண்டு நடுங்கினார்கள்

இதிலே யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். நட்டம் ஏற்பட்டது, நண்பர்களே! ஆதிக்கத்துக்கு ஏற்பட்டது!

1928-இல் பிரெனே சான் போல் என்ற ஊருக்கு மாறினார். பள்ளிக்கு வேண்டிய வசதிகளைச் செய்து தருமாறு ஊராட்சியோடு போராடிக்கொண்டிருந்தார். ஒரு சிறுவன் தான் கண்ட கனவை எழுதினான்: பள்ளிப் பொருள்களை இலவசமாகத் தர மறுத்த ஊர்த்தலைவருக்கு எதிராகப் பிள்ளைகள் கிளர்ந்தெழுந்தார்கள் என்று. கனவுதான்! அதையே 1932-இன் இறுதியில் சுவரொட்டியாக்கி ஒட்டினார்கள் எதிரிகள். "பாருங்கள், கொலை கற்பிக்கிறான்! நாத்திகம் கற்பிக்கிறான்! பொதுவுடைமை கற்பிக்கிறான்!" என்று வலதுசாரி ஏடுகள் முழங்கின. 1933-இல் அவர் அந்தப் பள்ளியை விட்டு அகற்றப்பட்டார். அவர் ஒடுங்கவில்லை. 1935-இல் வான்சு என்ற ஊரில் தம் சொந்தப் பள்ளியை நடத்தலானார். 1940-இல் தடுப்பு முகாமில் அடைத்தார்கள்; அங்கிருந்தும் மீண்டார். 1966-இல் அவர் மறைந்தபோது அவர் முறை பல நாடுகளின் பள்ளிகளில் வேர் விட்டிருந்தது.

ஒரு சிறுவனின் கனவு ஓர் ஊர் ஆதிக்கத்தை ஏன் நடுங்க வைத்தது? பிள்ளை பிறர் சொல்லை ஒப்பிக்கும் வரையில் எவனுக்கும் அச்சமில்லை. கண்டதை எழுதத் தொடங்கினால்தான் ஆபத்து. பசுவுக்கு நான்கு கால் என்று எழுதும் வரை ஊர் அமைதியாக இருக்கும். "எங்கள் தெருவுக்கு மட்டும் குடிநீர்க் குழாய் வரவில்லை, ஏன்?" என்று ஒரு சிறுவன் எழுதினால்? "தேர் எங்கள் தெருவுக்கு வராது என்று பாட்டி சொன்னாள், தேருக்குச் சக்கரம் இல்லையா?" என்று ஒரு சிறுமி எழுதினால்? அந்த 'ஏன்' என்ற ஓரெழுத்துக்கும் ஒற்றுக்கும் நடுங்குகிறவர்கள் நம் நாட்டில் இல்லையா?

நமக்கு இது அயலார் கதை அன்று. நம் இயக்கமே சொந்தச் சொல்லை அச்சேற்றிய கதைதான். 1925 மே 2-இல் 'குடி அரசு' பிறந்தது. பிறர் பேச்சைக் கேட்கவே பிறந்தவர்கள் என்று கருதப்பட்ட மக்கள், படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் தம் சொல்லைத் தாமே படித்துக் கேட்டனர். 1935-இல் பெரியார் எழுத்தைச் சீர்திருத்தி அவ்வேட்டில் நடைமுறைப்படுத்தினார். கற்கும் குழந்தைக்கும் எளிது, அச்சுக் கோக்கும் கைக்கும் எளிது என்பதே காரணம். குழந்தையையும் எந்திரத்தையும் ஒரே நேரத்தில் நினைத்துப் பார்த்த சீர்திருத்தம் அது! 1978-இல் அரசு அதை ஏற்றது. திருவாரூர்ப் பள்ளி மாணவராக இருந்தபோதே கலைஞர் 'மாணவ நேசன்' என்ற கையெழுத்து ஏட்டை நடத்தினார். 1942-இல் 'முரசொலி'யைத் துண்டறிக்கையாகத் தொடங்கினார். கட்டளையிட்டு எழுதச் சொன்ன கட்டுரைகளா அவை? சொல்ல ஒன்று இருந்தது; சொன்னார்கள்.

கேட்டது போதும், எழுதட்டும்!

கேட்க மட்டும் வைக்கும் கருவியின் எல்லையை அண்மையில் நாடே கண்டது. பெருந்தொற்றுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. இடையில் கல்வித் தொலைக்காட்சி பாடம் சொன்னது. ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகள் பலருக்கு எழுத்துக் கூட்டவும் வரவில்லை, எழுதவும் வரவில்லை. 'இல்லம் தேடிக் கல்வி'யும், 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அந்தப் பள்ளத்தை நிரப்பவே வந்தன. திரை பேசலாம்; பிள்ளைக்காகத் திரை எழுத முடியாது. செல்வம் கொழிக்கும் சுவீடன் நாட்டு அரசே 2023-இல், சிறுவர் பள்ளிகளில் அச்சு நூலுக்கும் கையெழுத்துக்கும் மீண்டும் இடம் தர முனைந்தது.

"தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு எழுத என்ன தெரியும்?" என்பார்கள். பேசத் தெரிந்தவனுக்கு எழுதப் பொருள் உண்டு. அதற்கு எழுத்துதான் வேண்டும். அதைத் தருவதற்குத்தான் பள்ளி.

"பிழை மலியுமே! கொச்சை புகுமே!" புகட்டும். எல்லார் முன்னும் கூடித் திருத்துங்கள். நடை பழகும் குழந்தை விழுகிறது என்று காலைக் கட்டிப்போடுவதில்லை.

"ஆசிரியருக்கு நேரம் ஏது?" என்பது மட்டும் நியாயமான கேள்வி. இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்றிருக்கும் பள்ளிகள் ஏராளம். போதாக்குறைக்குப் புள்ளிவிவரம் ஏற்றுவதிலேயே அவர்கள் பொழுது கழிகிறது. பிள்ளையின் சொல்லை வாங்க வேண்டிய கைக்கணினி, அதிகாரியின் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது! குற்றம் ஆசிரியருடையது அன்று. அந்தச் சுமையை இறக்குங்கள் என்று அவர்களோடு சேர்ந்து நாமும் குரல் கொடுப்போம்.

நாம் கேட்பது பெரிதன்று. வாரத்தில் ஒரு மணி நேரம், ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும், பிள்ளைகள் தாம் கண்டதைத் தம் கையால் எழுதட்டும். எழுதியதை வகுப்பு கேட்கட்டும்; தேர்ந்தெடுக்கட்டும்; திருத்தட்டும். அந்த ஒளித்திரையில் அன்று ஒரு நாளாவது பிள்ளையின் வாக்கியம் ஒளிரட்டும்! 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. பிள்ளையின் விரலே அதைத் தட்டட்டும். மாதம் ஒரு தாள் வெளிவரட்டும். நாகைக் கடற்கரைப் பள்ளியின் தாள் நீலகிரி மலைப்பள்ளிக்குப் போகட்டும்; தேயிலை பறிப்பவர் மகள், வலை பின்னுபவர் மகனுக்கு மறுமொழி எழுதட்டும். பள்ளிக் கல்வித்துறை 2022-இல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று சிறுவர் இதழ்கள் தொடங்கியது நன்று. அவை மாநிலத்தின் இதழ்கள். நாம் கேட்பது ஒவ்வோர் ஊர்ப் பள்ளிக்கும் அதன் சொந்தத் தாள். கட்டுரை எழுதித் தரும் எந்திரமும் வரட்டும். பிள்ளை எழுதி முடித்த பிறகு வரட்டும். அது சொல்வது சரியா என்று பிள்ளை சோதிக்கட்டும். அறிவுக்கு எந்திரம் பணியாள்; ஆசான் அன்று, ஆண்டவனும் அன்று.

இளைஞர் தோழர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் கணினி இருக்கிறதா? ஓர் அச்சுக்கருவி இருக்கிறதா? ஞாயிறுதோறும் அதைத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். அவர்கள் எழுதுவதைத் திருத்த அவசரப்படாதீர்கள், முதலில் படியுங்கள். சாணம் அள்ளிய அந்தச் சிறுமி தன் பசுவைப் பற்றி எழுதட்டும். வைக்கோல் கன்றைக் கண்டு அவள் அழுத கதையை இன்னோர் ஊர்ப் பிள்ளை படித்துக் கேட்கட்டும்: "பாவம், பசுவை ஏன் ஏமாற்றினார்கள்?"

அந்தக் கேள்வி பிறந்த பிள்ளையை எவனும் எளிதில் ஏமாற்ற முடியாது!